இரண்டு சுருட்டைகளுக்குப் பிறந்த நேர்முடி

டீம் மீட்டிங் தொடங்கும் முன் கேமராவுக்குக் குறுக்கே ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. பெரிய காதுகள், ஒல்லிக் கழுத்து, மழையில் நனைந்து அரைகுறையாய்க் காய்ந்த மாதிரி உடம்பு முழுக்க அலையலையான முடி. மீசை இருக்க வேண்டிய இடத்தில், தீயில் காட்டிய நைலான் நூல் போல நாலைந்து குட்டைச் சுருள்கள்.

"என்னண்ணே, பூனைக்கு பார்லர்ல பெர்ம் பண்ணி விட்டீங்களா?" என்றேன். மான்செஸ்டரில் வேலை பார்க்கும் மதுரைக்கார சீனியர் அவர்.

"டெவன் ரெக்ஸ், தம்பி. பொறக்கும்போதே இப்படித்தான். கார்னிஷ் ரெக்ஸ்னு இன்னொன்னு இருக்கு, அதுவும் சுருட்டைதான். ரெண்டையும் சேர்த்தா குட்டி எப்படிப் பொறக்கும் சொல்லு?"

"இன்னும் சுருட்டையா?"

"நேர்முடி. எல்லாக் குட்டியுமே நேர்முடி."

மீட்டிங் தொடங்கிவிட்டது. எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. சுருட்டைக்கும் சுருட்டைக்கும் நேர்முடி பிறக்கிறது என்றால் எங்கோ ஒரு தப்புக் கணக்கு இருக்க வேண்டும். கணக்கு பூனையிடம் தப்பவில்லை, பார்த்த மனிதர்களிடம்தான் தப்பியது என்று பிறகு தெரிந்தது. அந்தக் கணக்கு முழுசாய்த் தீர அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கால் போன்ற பகுதி கார்ன்வால். அதன் நடுவே பாட்மின் மூர் என்றொரு மேட்டுநிலம்: புல், பாறை, காற்று. 1950 ஜூலை 21 அன்று அங்கே ஒரு பண்ணையில் செரீனா என்ற பூனை ஐந்து குட்டிகள் போட்டது. செரீனா, கறுப்பும் ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த சாதாரண வீட்டுப் பூனை. நான்கு குட்டிகளும் அம்மா மாதிரியே நேர்முடி. ஐந்தாவது, வெளிர் க்ரீம் நிறத்தில் ஒரு கடுவன் குட்டி. அதன் முடி மட்டும் உடம்போடு ஒட்டி அலையலையாய்ச் சுருண்டிருந்தது. காலிபங்கர் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பண்ணையின் நீனா என்னிஸ்மோர் அதற்கு முன் முயல் வளர்த்தவர் என்பதுதான் இந்தக் கதையின் அதிர்ஷ்டம். வேறு யாராவது என்றால் 'குட்டிக்கு ஏதோ தோல் வியாதி' என்று விட்டிருப்பார்கள். உலகத்தில் எத்தனை பண்ணைகளில் எத்தனை சுருட்டைக் குட்டிகள் அப்படிப் போயிருக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது. என்னிஸ்மோருக்கோ ரெக்ஸ் முயல் ஞாபகம் வந்தது. 1919இல் பிரான்சில் கிராமத்து முயல்களிடையே தோன்றிய ஒரு வகை அது. சாதாரண முயலின் மேல்முடி நீண்டு விறைப்பாக இருக்கும், அடிமுடி குட்டையாக மெத்தென்றிருக்கும். ரெக்ஸ் முயலில் மேல்முடியும் அடிமுடி அளவுக்குக் குறுகிவிட, தொட்டால் வெல்வெட். 'ரெக்ஸ்' என்றால் லத்தீனில் அரசன். இந்தப் பூனையும் அதே ஜாதி என்று அவருக்குத் தோன்றியது. ஆதாரம் ஒன்றும் கிடையாது. கண்ணும் கையும் சொன்னதுதான். அந்தப் பெயரே பூனைக்கும் ஒட்டிக்கொண்டது.

மரபியல் தெரிந்த ஏ. சி. ஜூட் என்பவரிடம் அவர் யோசனை கேட்டார். 'காலிபங்கரை அதன் தாயோடு சேருங்கள்' என்றார் ஜூட்.

படிக்கும்போதே முகம் சுளிக்கும் இடம் இது. ஆனால் ஜூட்டின் தர்க்கம் சரியானது. பத்தாம் வகுப்பு அறிவியலில் மெண்டலின் பட்டாணி படித்திருப்போம். ஓங்குபண்பு, ஒடுங்குபண்பு என்று இரண்டு வார்த்தைகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்போம். நான் அதைச் சாவியாக யோசிப்பேன். வீட்டு வாசலுக்கு இரண்டு சாவிகள்: ஒன்று அப்பா கொடுத்தது, மற்றொன்று அம்மா கொடுத்தது. ஒன்று தொலைந்தாலும் கதவு திறக்கும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இரண்டும் தொலைந்தால்தான் கதவு அடைபடும். ஒடுங்குபண்பு என்பது அதுதான். காலிபங்கருக்கு இரண்டு சாவியும் இல்லை. அப்படியானால் அம்மா செரீனாவிடமும், யாரென்று தெரியாத அப்பாவிடமும் ஆளுக்கு ஒரு சாவி ஏற்கெனவே தொலைந்திருக்கிறது. காலிபங்கரை வேறு எந்தப் பூனையோடு சேர்த்தாலும் குட்டிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல சாவி வந்துவிடும், எல்லாம் நேர்முடியாகும். செரீனாவோடு சேர்த்தால் மட்டும் ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சேர்த்தார்கள். சுருட்டையும் நேர்முடியும் கலந்து பிறந்தன. சுருள் ஒடுங்குபண்புதான் என்பது உறுதியானது.

இதற்குப் பிறகான ஆண்டுகள் இந்தப் பூனைகளுக்கு நன்றாக இல்லை. காலிபங்கரின் மகன் போல்டு என்ற கடுவன். கடுவன்களில் மிக அபூர்வமான கலப்பு நிறம் அதற்கு இருந்ததால் ஆராய்ச்சிக்காகத் திசு எடுத்தார்கள், எடுத்த மாதிரி தொலைந்துபோனது, அந்த அறுவையால் பூனை மலடாகிவிட்டது என்று பூனை வளர்ப்பாளர்கள் இன்றைக்கும் சொல்லி வருத்தப்படுவார்கள். 1956இல் என்னிஸ்மோருக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. பெரும்பாலான பூனைகளைக் கருணைக்கொலை செய்தார்கள். அவற்றில் காலிபங்கரும் செரீனாவும் அடக்கம். ஒரு இனத்துக்கே மூலமான ஆறு வயதுப் பூனை, தீனிச் செலவுக் கணக்கில் அடிபட்டுப் போனது. அடுத்த ஆண்டு போல்டுவின் மகள் லமோர்னா கோவ் கலிஃபோர்னியாவுக்குப் போனது. அங்கே சயாமீஸ் முதலான பிற இனங்களோடு சேர்த்து, இன்றைக்கு நாம் பார்க்கும் வில்போல் வளைந்த முதுகும் முட்டை வடிவத் தலையும் கொண்ட கார்னிஷ் ரெக்ஸ் உருவானது. இங்கிலாந்தில் மிச்சமிருந்த சிலவற்றைக் காப்பாற்றி வளர்த்தவர் பிரையன் ஸ்டர்லிங்-வெப். தப்புக் கணக்கு போட்டவரும் அவரே.

1960இல் ஒரு செய்தித்தாளில் கார்ன்வால் வம்சத்துச் சுருட்டைக் குட்டியின் படம் வந்தது. அதைப் பார்த்த பெரில் காக்ஸ் என்ற பெண்மணி, தன்னிடமும் இப்படி ஒன்று இருப்பதாக ஸ்டர்லிங்-வெப்புக்குக் கடிதம் எழுதினார். அவர் இருந்தது டெவன் மாவட்டத்தின் பக்ஃபாஸ்ட்லே. கார்ன்வாலுக்கும் டெவனுக்கும் நடுவில் டேமர் நதி மட்டும்தான். காக்ஸின் வீட்டுப் பக்கத்தில் கைவிடப்பட்ட ஒரு வெள்ளீயச் சுரங்கம். அங்கே யாருக்கும் அடங்காத ஒரு சுருட்டைக் கடுவன் திரிந்துகொண்டிருந்தது. காக்ஸ் சோறு போட்டு வளர்த்த தெருப்பூனை ஒன்று குட்டி போட்டது. அதில் ஒன்று சுருட்டை. கர்லீ என்று பெயர்.

ஸ்டர்லிங்-வெப் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். சுருங்கிக்கொண்டே வரும் வம்சம், புது ரத்தம் கிடைக்காத கவலை. அந்த நேரத்தில் அடுத்த மாவட்டத்திலிருந்து ஒரு கடுவன், அதே சுருள், அதே குட்டை மீசை. காலிபங்கரின் தூரத்துச் சொந்தமாகத்தான் இருக்கும் என்று யாருக்குமே தோன்றும். கர்லீயை வாங்கினார். கார்னிஷ் பெட்டைகளோடு சேர்த்தார். குட்டிகள் எல்லாம் நேர்முடி. வேறு பெட்டையோடு சேர்த்தாலும் நேர்முடியேதான். விடாமல் முயன்றார்கள், ஒரு சுருட்டைகூடப் பிறக்கவில்லை.

சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இந்த அனுபவம் நன்றாகவே தெரியும். இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரே பிழைச் செய்தியை அனுப்புவார்கள். ஒரே பிரச்சினை என்று நினைத்து ஒரே டிக்கெட்டில் சேர்த்துவிடுவோம். இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகு தெரியும்: ஒருவருக்கு டேட்டாபேஸில் கோளாறு, இன்னொருவருக்கு நெட்வொர்க்கில். செய்தி ஒன்று, காரணம் இரண்டு.

கர்லீ விஷயத்தில் நடந்ததும் அதுதான். கார்னிஷ் வீட்டில் தொலைந்தது வாசல் சாவி இரண்டும். டெவன் வீட்டில் வாசல் சாவி பத்திரமாக இருக்கிறது, பீரோ சாவிதான் இரண்டும் போய்விட்டது. இவர்களுக்குப் பிறக்கும் குட்டிக்கு டெவன் பக்கமிருந்து ஒரு வாசல் சாவி, கார்னிஷ் பக்கமிருந்து ஒரு பீரோ சாவி. ஆளுக்கொரு சாவி போதுமே, எல்லாக் கதவும் திறக்கும். அதனால் நேர்முடி. கர்லீயின் சுருளை மீட்க அதை அதன் சொந்த மகள்களோடு சேர்க்க வேண்டியிருந்தது. அப்போதுதான் டெவன் சுருட்டைகள் பிறந்தன. ஜீன் ஒன்று, ஜீன் இரண்டு என்று பிரித்துப் பெயரிட்டார்கள். 1967இல் பிரிட்டனின் பூனைச் சங்கம் இரண்டையும் தனித்தனி இனங்களாக ஏற்றுக்கொண்டது.

தெரியாமல் நடந்ததுதான் என்றாலும், ஸ்டர்லிங்-வெப் செய்தது மரபியலில் முறையான ஒரு சோதனை. ஒரே தோற்றமுள்ள இரண்டு குறைகள் ஒரே மரபணுவில்தானா என்று அறிய இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. டிஎன்ஏவைப் படிக்க எந்தக் கருவியும் இல்லாத காலத்தில், கடுவனையும் பெட்டையையும் வைத்தே பதில் வாங்கியிருக்கிறார்கள். இதே சோதனை பெர்லின் பூனையிடம் வேறு பதில் தந்தது. 1951இல் கிழக்கு பெர்லினில் ஒரு மருத்துவமனைத் தோட்டத்தில் ரோஸ் ஷாயர்-கார்ப்பின் என்ற மருத்துவர் ஒரு சுருட்டைப் பெட்டையைக் கண்டெடுத்தார். ஜெர்மனில் 'ஆட்டுக்குட்டி' என்று பொருள்படும் லேம்ஷென் அதன் பெயர். அந்த வம்சத்தைக் கார்னிஷோடு சேர்த்தபோது சுருட்டைகளே பிறந்தன. ஒரு நதிக்கு அந்தப்பக்கம் இருந்தது அந்நியம், கடல் தாண்டிக் கிடந்தது சொந்தம்.

கையில் தடவிப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும் என்பார்கள். பூனையின் உடம்பில் மூன்று வகை முடி: வெளியே விறைப்பான காவல் முடி, நடுவில் ஒரு வகை, அடியில் பஞ்சு போன்ற முடி. கார்னிஷில் காவல் முடி கிடையாது. மிச்சமிருப்பது குட்டையாக, மெத்தென்று, வரிவரியாய்ப் படிந்திருக்கும், பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக் கதாநாயகிகளின் தலை அலங்காரம் மாதிரி. டெவனில் மூன்று வகையும் உண்டு, ஆனால் முடி கோணல்மாணலாய் வளர்ந்து எளிதில் உடையும். சிலவற்றுக்கு வயிறும் கழுத்தும் வெறுமையாகிவிடும். இரண்டுமே தொட்டால் சூடாக இருக்கும். ஜுரமெல்லாம் இல்லை, உடம்புச் சூட்டைத் தடுக்க முடி போதவில்லை, அவ்வளவே. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். 'சுருட்டைப் பூனை அலர்ஜி தராது' என்று விற்பார்கள். நம்பி வாங்காதீர்கள். பூனை அலர்ஜிக்கு முக்கியக் காரணம் அதன் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உள்ள ஒரு புரதம். முடி குறைந்தால் சோபாவில் ஒட்டுவது குறையலாம், புரதம் எங்கும் போய்விடாது.

மரபணுவையே படிக்கும் காலம் வந்தபோது பதில்கள் வரிசையாக வந்தன. டெவனின் பீரோ சாவி கேஆர்டி71 என்ற மரபணு என்று 2010இல் தெரிந்தது. முடியின் வேரைச் சுற்றியுள்ள உறையில் வேலை செய்யும் கெரட்டின் புரதத்துக்கான குறிப்பு அது. அந்த உறைதான் வளரும் முடிக்கு அச்சு. அச்சு கோணினால் முடி கோணும். இதே மரபணுவில் வேறொரு இடத்தில் நேர்ந்த கோளாறுதான், முடியே இல்லாத ஸ்ஃபிங்ஸ் பூனைக்கும் காரணம். டெவனையும் ஸ்ஃபிங்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாராவது அண்ணன் தம்பி என்பார்களா?

வேடிக்கை அத்துடன் நிற்கவில்லை. 1987இல் அமெரிக்காவின் மொன்டானாவில், பாரசீகப் பூனை வளர்க்கும் ஜெரி நியூமன் என்பவரிடம் காப்பகத்திலிருந்து ஒரு சுருட்டைக் குட்டி வந்தது. மிஸ் டிபெஸ்டோ என்று பெயர். வளர்ந்ததும் நேர்முடிப் பாரசீகக் கடுவன் ஒன்றோடு சேர்த்தார். ஆறு குட்டிகளில் மூன்று சுருட்டை, முதல் தலைமுறையிலேயே. அம்மாவையும் மகனையும் சேர்க்கும் அவசியமே வரவில்லை. செல்கர்க் ரெக்ஸ் இனம் அங்கே தொடங்கியது. அதன் சுருள் ஓங்குபண்பு. இதற்கும் காரணம் அதே கேஆர்டி71 என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். சாவி தொலைந்தால் இன்னொன்று இருக்கிறது, சமாளிக்கலாம். வளைந்த சாவி பூட்டுக்குள் மாட்டிக்கொண்டால், கையில் நல்ல சாவி இருந்தும் பிரயோஜனமில்லை. ஒரே மரபணுவில் ஒரு கோளாறு முதல் வகை, இன்னொன்று இரண்டாம் வகை.

கார்னிஷின் பதிலும் 2013இல்தான் வந்தது. எல்பிஏஆர்6 என்ற மரபணுவில் நான்கே நான்கு எழுத்துகள் விடுபட்டிருந்தன. ஜெர்மன் ரெக்ஸிலும் அச்சு அசலாக அதே நான்கு எழுத்துகள். இரண்டு இடங்களில் தனித்தனியே நடந்திருந்தால் இப்படி ஒத்துப்போவது கஷ்டம். ஏதோ ஒரு பழைய பூனையிடம் பிறந்த பிழை, ஒற்றைச் சாவியாக யாருக்கும் தெரியாமல் ஐரோப்பா முழுக்க நடந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இந்த மரபணு செய்வது என்ன? அது ஓர் ஆன்டெனா. எல்பிஏ என்ற கொழுப்பு மூலக்கூறு வந்து சொல்லும் சேதியை முடிவேர்ச் செல்கள் அதன் வழியாகத்தான் வாங்குகின்றன. அந்தச் சேதியைத் தயாரிப்பது லைபேஸ்-ஹெச் என்ற வேறொரு நொதி. ரஷ்யாவின் வோல்கா கரையில் வாழும் மாரி, சுவாஷ் மக்களில் சிலருக்குப் பிறப்பிலேயே முடி வளராமல் போவதற்கு அந்த நொதியின் மரபணு காரணம் என்று 2006இல் தெரிந்தது. 2008இல், பாகிஸ்தானியக் குடும்பங்கள் சிலவற்றில் குழந்தைகளுக்குக் கம்பளி போன்ற அடர்வில்லாத முடி இருப்பதற்கு அந்த ஆன்டெனாவின் கோளாறு காரணம் என்று தெரிந்தது. நெருங்கிய உறவுக்குள் திருமணம் நடந்த குடும்பங்கள் அவை. 'சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா?' என்று நம் ஊர் டாக்டர்கள் கேட்பதும் இந்தச் சாவிக் கணக்குக்காகத்தான்.

2011இல் ரெக்ஸ் முயலின் வெல்வெட் முடிக்கான காரணமும் கிடைத்தது. லைபேஸ்-ஹெச்.

இதை முதலில் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். முயலில் சேதி அனுப்பும் இடம் கெட்டிருக்கிறது, கார்னிஷ் பூனையில் சேதி வாங்கும் இடம். கம்பி ஒன்றுதான், இரண்டு முனைகள். பாட்மின் மூர் பண்ணையில் ஒரு குட்டியைக் கையில் எடுத்து 'இது என் முயல் மாதிரி இருக்கிறதே' என்று என்னிஸ்மோர் நினைத்தது எவ்வளவு சரி என்று சொல்ல 63 வருஷம் ஆகியிருக்கிறது. இரண்டு வேறு விலங்குகளைப் பார்த்து ஒன்று என்றார், ஒரே பாதையாக இருந்தது. ஒரே விலங்கில் இரண்டைப் பார்த்து ஒன்று என்றார் ஸ்டர்லிங்-வெப், வேறாக இருந்தது. இருவரும் நம்பியது அதே கண்ணையும் கையையும்தான். எப்போது நம்பலாம் என்று கண்ணுக்குத் தெரியாது. சேர்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் சேர்த்துப் பார்ப்பதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தது பூனைகள். மகனைத் தாயோடும் தகப்பனை மகளோடும் சேர்க்கும்போது நாம் தேடும் சுருள் சாவி மட்டும் ஜோடி சேராது. உடம்பில் வேறு எங்கெல்லாம் ஒற்றைச் சாவி தொலைந்து கிடக்கிறதோ, அவையும் ஜோடி சேரும். இன்றைய டெவன் ரெக்ஸ்கள் எல்லாம் கர்லீயின் வம்சம். அந்த இனத்தில் ஒரு தசை நோய் உண்டு. சில வாரக் குட்டியிலிருந்து சில மாதத்துக்குள் தொடங்கும். தலையைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் தாடை நெஞ்சில் விழும். நடந்து களைத்ததும், கைகூப்பிக் கெஞ்சுவது போல முன்கால்களை எதன் மேலாவது ஊன்றி உட்காரும். படத்தில் பார்த்தால் ஏதோ வித்தை காட்டுவது போல அழகாகக்கூடத் தெரியும். பலவற்றுக்கு முடிவு, தின்னும்போது தொண்டையில் அடைத்துக்கொள்வதில் வரும். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் ஒரு நொதியை நங்கூரம் போட்டு நிறுத்தும் கோல்க்யூ என்ற மரபணுதான் காரணம் என்று 2015இல் தெரிந்தது. முடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சுருளைத் தேடிப் போன கூட்டத்தில் கூடவே வந்த பயணி.

யாரையும் வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. ஜூட் சொன்ன வழியைத் தவிர அன்றைக்கு வேறு வழி இல்லை. ஆனால் 'அப்படியே விட்டிருக்கலாமே' என்பதும் ஒரு வழிதான், அதை யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. அழகான ஒரு குறையைக் கண்டால் நமக்கு அது வேண்டும், இன்னும் நிறைய வேண்டும். நானும் அன்றைக்குத் திரையில் அந்தப் பூனையைப் பார்த்ததும் முதலில் தேடியது விலையைத்தான்.

இப்போது கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தேய்த்து அனுப்பினால் பூனையிடம் எந்தச் சாவி இருக்கிறது, எது இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிடும். கோல்க்யூவில் ஒரு சாவி குறைந்த பூனை ஆரோக்கியமாகவே வாழும். அதே போன்ற இன்னொன்றோடு சேர்க்காமல் இருந்தால் போதும். அப்படிப்பட்டவற்றை எல்லாம் ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் கூடாது. ஏற்கெனவே ஒற்றைக் கடுவனிலிருந்து வந்த குறுகிய கூட்டம், அதை மேலும் குறுக்கினால் வேறு ஏதாவது சாவி ஜோடி சேரத் தொடங்கும். பிற இனப் பூனைகளோடு கலக்கச் சில சங்கங்கள் அனுமதிக்கின்றன. கலந்தால் முதல் ஈற்று மொத்தமும் நேர்முடி. நேர்முடி டெவனை யார் வாங்குவார்கள்? குட்டிகளை வளர்த்து, மறுபடி சுருட்டையோடு சேர்த்துக் காத்திருக்கப் பொறுமையும் காசும் வேண்டும்.

அடுத்த வாரம் சீனியரிடம் கேட்டேன், "உங்க பூனைக்கு அந்த டெஸ்ட் எடுத்தாச்சாண்ணே?"

"வாங்கும்போதே ரிப்போர்ட் காட்டினாங்கப்பா. ஒண்ணு இருக்கு, ஒண்ணு இல்ல. பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாங்க. ஆபரேஷன் பண்ணியாச்சு, இனிமே குட்டி போடாது." கேமராவுக்கு வெளியே கை நீட்டி எதையோ தடவிக்கொண்டே சொன்னார். "சரி, அந்த லாகின் பிரச்சினை என்னாச்சு? ரெண்டு கஸ்டமருக்கும் ஒரே எர்ரர்தானே?"

"பார்த்துட்டுச் சொல்றேண்ணே" என்றேன்.